இறக்கைக்குப் போட்ட கஞ்சி

என் தறியில் இறங்கிய சீலை எதுவும் முதல் தோய்ச்சலில் இழை விலகி இளித்ததில்லை. மருதமுனையில் யாரிடமும் கேட்டுப் பார்க்கலாம். ஒரே ஒரு சீலை மட்டும் அப்படிப் போனது. அதை நான் யாருக்கும் விற்கவில்லை. என் புருஷன் பறப்பதற்காக நெய்து கொடுத்தேன்.

அவர் பெயர் பதியுதீன். கல்முனைக்குடியில் வள்ளத்து எஞ்சின் திருத்தும் கடை வைத்திருந்தார். ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எஞ்சினுக்கு எங்கே வருத்தம் என்று சொல்லிவிடுவார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது வழக்கம் என்பதால், தறி ஓடும் என் வீட்டுக்கு ஒரு ஸ்பேனர் பெட்டியோடு வந்து சேர்ந்தார். நல்ல மனிதர். குறை என்றால், எதையும் கழற்றிப் பார்க்காமல் இருக்க முடியாது.

எழுபத்தெட்டில் பெரும் புயல் அடித்ததற்கு அடுத்த வருஷம், அறுகம்பேயில் அலையில் சறுக்க வந்த ஓர் ஆஸ்திரேலியாக்காரன் மோட்டார் சைக்கிளைத் திருத்தக் கொடுத்தான். ஊருக்குத் திரும்பும்போது பழைய ஆங்கிலச் சஞ்சிகைக் கட்டொன்றை இவரிடம் விட்டுப் போனான். முழுக்க முழுக்கச் சின்ன விமானங்கள். அன்று தொடங்கியது என் தலையிடி.

நான் தறியில் இருப்பேன். அவர் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டு படித்துப் படித்துச் சொல்வார். எஞ்சின் புத்தகங்கள் பார்த்துப் பழகிய ஆங்கிலம் அது. தெரியாத சொல் வந்தால் படத்தைப் பார்த்துத் தானே ஓர் அர்த்தம் வைத்துக்கொள்வார்.

"இஞ்ச பாரு புள்ள, எழுவது வருஷத்துக்கு முந்தி பாரிஸ்ல ஒரு பிரேசில்காரன் மூங்கில்ல கட்டிப் பறந்திரிக்கான். படத்த ஒளிக்கவும் இல்ல. ஆரும் பாத்துக் கட்டுங்க எண்டு சும்மா குடுத்திட்டான்."

"நம்மட ஊருல மூங்கில்ல ஏணிதான் கட்டுவாங்க. அதுல ஏறினவனே விழுந்திரிக்கான்."

அவருக்குக் கேலி உறைக்காது. அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். அமெரிக்காவில் குழாயால் சட்டம் கட்டி அதன்மேல் சீலை போர்த்திய மஞ்சள் விமானம் வந்தது. பிறகு தகரத்தில் வந்தது. இப்போது திரும்பவும் பட்டம் மாதிரி ஒரு சீலையைக் கட்டி, புல்லு வெட்டுகிற மெசினின் எஞ்சினைப் பூட்டிப் பறக்கிறார்களாம். எழுபது வருஷம் ஓடிக் களைத்துக் கடைசியில் சீலைக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் களைப்பாகத்தான் இருந்தது.

அவர் கட்டிப் பார்க்க ஆசைப்பட்டது வேறொன்று. முப்பதுகளில் ஒரு பிரெஞ்சுக்காரர் செய்தது. பெயர் வானத்துத் தெள்ளுப்பூச்சி. முன்னால் ஓர் இறக்கை, அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல் இன்னொன்று. பலகைப் பெட்டி அடிக்கத் தெரிந்தவன் இதையும் கட்டலாம் என்று சொல்லி வரைபடத்தை வெளியிட்டாராம். ஊரூராய் ஆட்கள் கட்டினார்களாம்.

"கட்டி?"

"பறந்தாங்க." அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டு, "சில பேர் மவுத்தாப் போயிட்டாங்க. மூக்கு கீழ பாத்தா, முன் இறக்கைக் காத்து பின் இறக்கையத் தூக்கிப் பிடிக்கும். ஆள் பிடிய இழுக்க இழுக்க இன்னும் கீழதான் போகும். நிமிர்த்த ஏலா. புறகு இறக்கைக்கு இடையில இடம் விட்டுத் திருத்திட்டாங்க" என்றார்.

"நீங்க திருத்தின படத்தப் பாத்தா கட்டப்போறீங்க?"

"இதுல இரிக்கிறது முதல் படம்தான். பாத்துச் செய்வம்."

கடைக்கு வருகிறவர்களிடம் தனக்குத் தெரியாத எஞ்சினைப் பற்றி அவர் சொல்கிற பதில்தான் அந்தப் 'பாத்துச் செய்வம்'.

எட்டு மாதம் வளவுக்குள் அது வளர்ந்தது. தோணி கட்டும் ஓடாவி சீனிமுகம்மது முன்னால் சுழலும் காற்றாடியைச் செதுக்கிக் கொடுத்தார். பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின் முன்னால் ஏறியது. சட்டம் மூங்கிலும் அலுமினியக் குழாயும். ஒவ்வொரு மாலையும் பென்சிலும் கடதாசியுமாக இருந்து கணக்குப் போட்டார்: எடை எவ்வளவு, இறக்கை எத்தனை சதுர அடி, எந்த வேகத்தில் எழும்பும். மறித்துப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். "ஒருக்கா எழும்பிட்டு இறங்கிருவன் புள்ள" என்பார். எங்கள் மகள் நபீஸாவுக்கு அப்போது ஒன்பது வயது.

இறக்கைச் சீலையை விறைக்க வைக்க ஏதோ மருந்து பூச வேண்டுமாம். கொழும்பிலும் கிடைக்கவில்லை. ஒருநாள் சஞ்சிகையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "அந்த மருந்து வாறதுக்கு முந்தி சவ்வரிசிக் கஞ்சிதான் பூசியிரிக்காங்க! கஞ்சி புள்ள, நம்மட கஞ்சி! உன்ன உட்டா இந்த ஊருல ஆருக்குத் தெரியும்?"

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. என் தொழிலில் ஒரு கள்ளம் உண்டு. குறுக்கே ஓடும் ஊடை நூலை நெருக்கி அடிக்காமல் ஐதாக நெய்து, இடைவெளியைத் தடித்த கஞ்சியால் அடைத்து, தேய்த்து மினுக்கி விற்பது. கையில் எடுத்தால் கனமாக இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தாலும் தெரியாது. ஈரம் பட்டதும் கஞ்சி கரைந்து நுளம்பு வலையாகிவிடும். அப்படிச் செய்தவளின் வீட்டில் என் உம்மா தண்ணீர்கூடக் குடிக்கமாட்டா.

காற்று ஒழுகுகிற இறக்கை எழும்பாது என்றுதான் அந்தக் கள்ளத்தை நான் செய்தேன். அங்குலத்துக்கு ஐம்பது ஊடை போக வேண்டிய இடத்தில் இருபத்தெட்டு போட்டேன். என் காலும் கையும் அந்தத் தாளத்துக்கு வர மறுத்தன. மனம் வந்துவிட்டது. சீலையை நானே இழுத்துத் தைத்தேன், நானே கஞ்சி பூசினேன். அவர் விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "றபான் தோல் மாதிரி இரிக்கி" என்று சிரித்தார். பறக்கிறதுக்கு முதல்நாளே கடற்கரைக்குக் கொண்டுபோய் வைத்தால் காலையில் அலைச்சல் இல்லை என்று சொன்னதும் நான்தான். இரவு முழுக்கப் பனி விழும் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் ஊரே கடற்கரையில் நின்றது. தோணி தள்ளுகிறவர்கள் ஏலேலோ போட்டுத் தள்ளிவிட்டார்கள். எஞ்சின் கத்தியது. ஈர மணலில் நல்ல வேகத்தில்தான் ஓடியது. ஆனால் இறக்கைச் சீலை மேல்பக்கம் பொம்மிக்கொண்டு படபடவென்று அடித்தது. எழும்பவில்லை. இரண்டாம் தரமும் எழும்பவில்லை. மூன்றாம் தரம் சில்லு மணலில் புதைந்து காற்றாடி முறிந்தது. ஆட்கள் சிரித்தார்கள். நான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவினார். கோபமே இல்லை. "கணக்கு எங்கேயோ புழைச்சிட்டு புள்ள" என்றார்.

சீலையைத் தொட்டுப் பார்ப்பார், அன்றே பிடிபடுவேன் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் சட்டத்தைச் சந்தேகப்பட்டார், எஞ்சினைச் சந்தேகப்பட்டார், எல்லாவற்றையும்விடத் தன்னைச் சந்தேகப்பட்டார். சீலையை மட்டும் சந்தேகப்படவில்லை. அது நான் நெய்த சீலை.

அதற்குப் பிறகு ஆறு வருஷம். ஊர் அவருக்குப் 'பிளேன் பதியுதீன்' என்று பெயர் வைத்தது. அதை அவர் சிரித்தே தாங்கினார். தாங்க முடியாதது அந்தக் கணக்கு. பழைய பில்லின் பின்பக்கம், சிகரட் பெட்டி, எதைக் கண்டாலும் அதே எடையும் அதே சதுர அடியும். ஒவ்வொரு தடவையும் எழும்பும் என்றே விடை வரும். அது எழும்பவில்லை என்பதைத்தான் கண்ணால் கண்டாரே. மெல்ல மெல்லக் கையில் நம்பிக்கை போனது. பூட்டிய எஞ்சினைத் திரும்பக் கழற்றிப் பார்ப்பார். சத்தத்தைக் கேட்டுச் சொல்வதை நிறுத்திவிட்டார். "எனக்குச் சரியா விளங்கல்ல, வேற ஆருக்கும் காட்டுங்க" என்று வந்த வேலையைத் திருப்பி அனுப்புவார். ஆமியும் இயக்கங்களும் என்று கரச்சல் கூடிய காலம் வேறு. கடலுக்குப் போவது இன்றைக்கு உண்டு, நாளைக்கு இல்லை. கடையில் பாதிநாள் சும்மா இருந்தார். அவர் மவுத்தாகாமல் காப்பாற்றினேன். காப்பாற்றிய ஆளைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

நபீஸா ஓ.எல். சோதனை எடுக்கும் வருஷம், ஒரு பின்னேரம் கணக்குப் புத்தகமும் கொப்பியுமாக அவரிடம் போனாள். வாசித்தார், பென்சிலை எடுத்தார், நாலே வரியில் போட்டு முடித்தார். புத்தகத்தின் பின்பக்கத்து விடையைப் பார்த்து மகள், "சரி வாப்பா!" என்றாள்.

"எதுக்கும் பள்ளிக்கூடத்துச் சேரிட்டக் கேளு மகள். வாப்பாட கணக்கு புழைக்கிற கணக்கு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தறியை விட்டு எழும்பி அவர் முன்னால் போய் இருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், மகளுக்கு முன்னாலேயே. ஐதாக நெய்ததையும் தடித்த கஞ்சியையும் பனியில் வைக்கச் சொன்னதையும். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

என் கையைப் பார்த்துக் கேட்டார்.

"எத்தின ஊடை போட்டாய்?"

"இருவத்தெட்டு."

"போட்டிரிக்க வேண்டியது?"

"அம்பது."

நபீஸாவின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தார். அசர்த் தொழுகைக்குப் பாங்கு சொன்னது, அவர் எழும்பவில்லை. முதலில் ஐதான சீலைக்குப் போட்டார், பிறகு நெருக்கமான சீலைக்குப் போட்டார். கடைசிக் கோட்டைக் கீறியதும் தோள் இரண்டும் இறங்கின. ஆறு வருஷமாக நான் காணாத ஒரு சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது.

"எழும்பியிரிக்கும் புள்ள! நல்ல சீலையெண்டா எழும்பியிரிக்கும். என்ட கணக்குச் சரி."

மகள் அவருடைய தோளைக் கட்டிக்கொண்டாள். நானும் அழுதேன். வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சு லேசாகவும் இருந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இறங்கியிரிக்குமா?"

தாளைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"அதுக்கு நான் கணக்குப் போடல்லயே புள்ள" என்றார்.

பென்சிலை நபீஸாவிடம் கொடுத்துவிட்டு தொழுகைக்கு வுழூச் செய்ய எழும்பிப் போனார்.