சத்தம் வராத பியானோ

சாவித்திரி தாலுகா அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மறுவாரமே காட்டுப்பாக்கம் மெயின் ரோட்டில் ஒரு மாடியில் நடக்கும் பியானோ வகுப்பில் சேர்ந்துவிட்டாள். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் ஏழு வயது, எட்டு வயது. அவர்களோடு வரிசையில் உட்கார்ந்து பரீட்சை கொடுத்து இரண்டு கிரேடு தேறியும் விட்டாள். மூன்றாவது கிரேடுக்கு வீட்டிலிருக்கும் கீபோர்டு போதாது, அசல் பியானோ வேண்டும் என்று டீச்சர் சொன்னபோதுதான் வீட்டில் பேச்சு தொடங்கியது.

அவள் கணவர் நடேசனுக்கு பியானோ மீது விரோதம் எதுவும் இல்லை. சத்தம்தான் அவருக்கு ஆகாது. இருபத்துநாலு வீடுகள் கொண்ட அந்த அபார்ட்மென்ட் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். மதியத்தில் டிரில்லிங் கூடாது, மொட்டைமாடியில் பந்து தட்டக் கூடாது என்று வாரம் ஒரு அறிவிப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். போன மாதம் ஒரு பிறந்தநாள் பீப்பியைக் கண்டித்துக்கூட ஒரு பத்தி எழுதியிருந்தார்.

"நம்ம வீட்லேர்ந்தே சத்தம் வந்தா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அறிவிப்பு போடுறது?" என்றார்.

இருவரும் பியானோ கடைக்குப் போனார்கள். முகமது ஆசிக் என்ற இளைஞர் இரண்டு பியானோக்களை அருகருகே காட்டினார். இரண்டும் சுவரோடு ஒட்டி நிற்கிற, நெஞ்சளவு உயரமான கருப்புப் பியானோக்கள். பார்வைக்கு இரட்டைப்பிள்ளைகள்.

"இது சாதாரண அக்கூஸ்டிக், மேடம். கட்டைய அடிச்சா உள்ள இருக்கிற சுத்தியல் கம்பில பட்டு சத்தம் வரும், அவ்வளவுதான். அதுல சைலன்ட் சிஸ்டம் இருக்கு. நடு பெடல அழுத்தி லாக் பண்ணிட்டா சுத்தியல் கம்பியத் தொடுறதுக்கு முன்னாடியே நின்னுடும். சத்தம் உங்க ஹெட்ஃபோனுக்கு மட்டும் வரும். பெடல எடுத்துட்டா இதுவும் அது மாதிரிதான்."

சாவித்திரி சாதாரணப் பியானோவின் முன் உட்கார்ந்து ஒரு கட்டையைத் தட்டினாள். ஒலி பெட்டிக்குள்ளிருந்து கிளம்பி, அவள் முழங்கை வழியாக ஏறி, தோளில் வந்து நின்றது. இதுதான், இதுவேதான் என்று மனசு சொன்னது. அதற்குள் பின்னால் ஒரு குடும்பம் வந்து நின்றுகொண்டு, "ஆன்ட்டி வாசிக்கப் போறாங்க பாரு" என்று குழந்தைக்குக் காட்டியது. சாவித்திரியின் பத்து விரல்களும் விறைத்துக்கொண்டன. சரிகம போல ஏறி இறங்கிவிட்டு எழுந்துவிட்டாள்.

அடுத்ததில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது யாரும் இல்லை. பரீட்சைக்கான மினுயெட் என்ற சின்ன நடன மெட்டை முழுசாக வாசித்தாள். எட்டாவது வரியில் இடதுகை தாவவேண்டிய இடத்தில் வழக்கம்போல் தடுக்கியது. அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான் என்பதால் வருத்தம் எதுவும் வரவில்லை.

"இதையே எடுத்துக்கலாம்" என்றாள். நடேசன் தன் வாதம் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டார். அவளும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"மூணு மாசம் வாடகைக்கு வெச்சுப் பாருங்க மேடம், பிடிச்சா வாங்கிக்கலாம்" என்றார் ஆசிக். ஆறு பேர் மூச்சுவாங்க, படிக்கட்டில் ஏற்றி, இரண்டாவது மாடி ஹாலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

நாலு நாள் சுகமாகப் போயிற்று. தினமும் பதினோரு மணிக்கு சாவித்திரி ஹெட்ஃபோனை மாட்டுவாள், பன்னிரண்டரைக்குக் கழற்றுவாள். ஐந்தாம் நாள் வாட்ஸ்அப் குரூப்பில் நடேசனின் அறிவிப்பு வந்து விழுந்தது.

"நமது குடியிருப்பின் மேல்தளங்களில் அனுமதியின்றி மரவேலை செய்துவரும் உறுப்பினர் அதனை உடனடியாக நிறுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார். – செயலாளர்."

புகார் செய்தவர் நேர் கீழ்வீட்டு கங்காதரன். அபார்ட்மென்ட் நிற்கிற இடமே ஒருகாலத்தில் அவருடைய கீரைத்தோட்டம். பில்டருக்கு நிலத்தைக் கொடுத்துப் பங்குக்கு இரண்டு வீடு வாங்கிக்கொண்டவர். சாவித்திரி அறிவிப்பைப் படித்து, ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டினாள். நடேசன் சட்டையை மாட்டிக்கொண்டு விசாரணைக்குக் கிளம்பினார். முதல் சந்தேகம் மூன்றாவது மாடி ஸ்ரீநாத் மீது. ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த அந்தப் பையன் கதவைத் திறந்து, "அங்கிள், எங்கிட்ட சுத்தியலே இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டானாம்.

கால் மணி கழித்து சாவித்திரியின் போன் பியானோ மேலேயே ஒளிர்ந்தது. நடேசன்தான். ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து நகர்த்தினாள்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. நீ இப்ப என்ன பண்ணிட்டிருக்க?"

"வாசிச்சிட்டிருந்தேன்."

அவருக்குப் பின்னால் கங்காதரன் குரல் கேட்டது: "இப்ப நின்னுச்சு பாத்தியா சார்!"

"நீங்க எங்க இருக்கீங்க?"

"கங்காதரன் வீட்ல. எங்க, கொஞ்சம் வாசி."

நாலு வரி வாசித்தாள்.

"தோ, ஆரம்ச்சுட்டான்! நான் இன்னா சொன்னேன்?"

"நிறுத்து" என்றார் நடேசன். அவர் குரல் இப்போது வெகுவாக இறங்கியிருந்தது. நிறுத்தினாள்.

"வெச்சிடு" என்றார் கடைசியில்.

பாட்டுக்குத்தான் கம்பி வேண்டும். தட்டுகிற விரலும் பாதியில் நிற்கிற சுத்தியலும் தரை வழியாகக் கீழே இறங்க அது வேண்டியதில்லை. நாலு நாளும் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நடேசனுக்கு அந்த லேசான தட்டல் காதிலேயே விழவில்லை. கீழ்வீட்டுக் கூரைக்கு அது இடி.

ஐந்தே நிமிடத்தில் மூன்று பேரும் மேலே வந்தார்கள். முன்னால் கங்காதரன், அடுத்து அவர் மனைவி எல்லம்மா, கடைசியில் சங்கச் செயலாளர்.

"இதானா அது?" கங்காதரன் பியானோவைச் சுற்றிப் பார்த்தார்.

"சைலன்ட் பியானோங்க" என்றார் நடேசன் ஈனசுரத்தில்.

"சைலன்ட்டா? நல்லா கீது சார் நியாயம்! பாட்டு மொத்தம் அம்மா காதுக்கு, இடி மட்டும் என் தலைக்கா?"

சாவித்திரிக்கு முகம் சுட்டது. "இனிமே தொட மாட்டேங்க. திருப்பி அனுப்பிடறேன்."

"அய்ய, அத்த யாரு சொன்னாங்க?" எல்லம்மா சோபாவில் வசதியாக உட்கார்ந்தாள். "நாலு நாளா இடி வாங்கிகினு கீறோம், பாட்டு இன்னான்னு கேக்க வாணாமா? சத்தமா வாசி சாவித்திரிம்மா."

சாவித்திரி நடு பெடலை எடுத்துவிட்டாள். பரீட்சை அறையில்கூட ஒரே ஒருவர்தான் கேட்பார். இங்கே மூன்று பேர், அதில் ஒருவர் இரண்டு வருடமாக அவள் என்ன வாசிக்கிறாள் என்றே தெரியாத கணவர். தொடங்கினாள். எட்டாவது வரி வந்தது. தடுக்கியது. கை நின்றுவிட்டது.

"அதே எடம்!" கங்காதரன் தொடையைத் தட்டினார். "டெய்லி அங்க வந்தா நின்னுடும் சார். கார்பெண்டர் ஆணிய கீழ போட்டுட்டு தேடறான்னு நென்ச்சேன்."

எல்லம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நடேசனும் சிரித்தார். சாவித்திரி பார்த்தாள், தன்னையும் அறியாமல் அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் இளகின. மறுபடி முதலிலிருந்து, இந்த முறை மெதுவாக, நிற்காமல் கடைசிவரை வாசித்தாள். தடுக்கத்தான் செய்தது. தடுக்கியபடியே போனாள்.

"இது எவ்வளோ தேவல" என்றாள் எல்லம்மா. "நாலுலேர்ந்து அஞ்சு வாசி. அப்ப இவுரு தூங்கி எந்திரிச்சிடுவாரு."

அவர்கள் போனதும் நடேசன் சொன்னார்: "நல்லதாப் போச்சு. இதுல ரெண்டும் இருக்கே, பெடல எடுத்துட்டு வாசிச்சாப் போச்சு."

"வேணாங்க. இது இருந்தா நான் மறுபடியும் காதுல மாட்டிக்கிட்டு ஒளிஞ்சுக்குவேன். சாதாரணத்தையே கேட்கலாம்."

ஆசிக்குக்கு போன் போட்டு மாற்றித் தரச் சொன்னாள். "மேடம், எல்லாரும் பக்கத்து வீட்ல திட்டுறாங்கன்னு சாதாரணத்தைக் குடுத்துட்டு சைலன்ட்ட வாங்குவாங்க. நீங்க தலைகீழா வர்றீங்களே?"

"எங்க பக்கத்துல சத்தமா வாசிக்கச் சொல்லிட்டாங்க தம்பி."

அடுத்த சனிக்கிழமை அதே ஆறு பேர் சைலன்ட் பியானோவை இறக்கி, சாதாரணத்தை ஏற்றினார்கள். படிக்கட்டில் நின்று "ஓரம், ஓரம்" என்று சொல்ல எல்லம்மா வந்திருந்தாள். நடேசன் மாலை நான்கு முதல் ஐந்து வரை இசை நேரம் என்று நீளமாக ஒரு அறிவிப்பு எழுதினார். விதிவிலக்கு யாருக்கு என்பதை மட்டும் எழுதவில்லை.

நாலு மணிக்கு சாவித்திரி உட்கார்ந்தாள். நடேசன் நாற்காலியைப் பியானோ அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டார்.

"இதுக்கு என்ன பேரு?"

"மினுயெட். மூணு தடவ சொல்லிட்டேன்."

"ம்" என்று பலமாகத் தலையாட்டினார். நாலே காலுக்கெல்லாம் வாய் லேசாகத் திறந்து தூங்கிப்போனார். சாவித்திரி அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அடுத்த பக்கத்தைப் புரட்டி, விரலின் பலத்தைக் குறைக்காமல் வாசித்தாள்.