புதிதாக ஒட்டியதே செல்லும்

எனக்கு மூக்கின்மேல் கோபம் என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். அந்தத் திங்கட்கிழமை நான் என்மேல்தான் கோபப்பட்டிருக்க வேண்டும். அது எனக்கு உறைப்பதற்குள் மணி ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது.

முந்தின வாரம் முழுக்க வீட்டுக் கம்ப்யூட்டர் என் உயிரை வாங்கியது. ஆன் செய்தால் நீலத் திரை, அணைத்துப் போட்டால் மறுபடியும் நீலத் திரை. ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். வெளியூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலையில் இருப்பவன். போன தடவை வந்தபோது கம்ப்யூட்டர் முழுவதையும் ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து வைத்திருந்தானாம். அதைப் பையிலிருந்து எடுத்துச் செருகிவிட்டு என்னைப் பார்த்தான்.

"நாலு மாசத்துக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே திரும்பிடும்க்கா. அதுக்கப்புறம் செஞ்சது எதுவும் இருக்காது. பரவாயில்லையா?"

"அதுக்கப்புறம் நான் என்னத்தைச் செஞ்சேன்? அழுததுதான்."

அவன் வேலையை ஆரம்பித்தான். அம்மா போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. இரண்டு மணி நேரத்தில் கம்ப்யூட்டர் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல எழுந்து உட்கார்ந்தது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. தம்பி சாப்பிட்டுவிட்டு சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினான்.

அந்தக் கம்ப்யூட்டரில் எங்களுக்கு முக்கியமானது ஒன்றே ஒன்றுதான், மாத்திரைத் தாள். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, எத்தனை என்று நான் கட்டம் போட்டு வைத்திருந்தேன். போட்டதும் அப்பா பேனாவால் ஒரு டிக் அடிப்பார். வாரம் ஒரு தாள். ஆரம்பத்தில் இடப்பக்கம் அம்மாவுக்கு, வலப்பக்கம் அப்பாவுக்கு என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. பிறகு வலப்பக்கம் மட்டும் போதும் என்று ஆகிவிட்டது.

அப்பா பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த டிரைவருக்கு எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று பலகையில் தாள் ஒட்டுவது அவர் வேலை. பழையதைக் கிழிக்க மாட்டார், அதன்மேலேயே புதியதை ஒட்டுவார். நேற்று வேறு மாதிரி இருந்ததே என்று யாராவது இழுத்தால், புதிதாக ஒட்டியதே செல்லும் என்று ஒரே வரியில் அனுப்பிவிடுவாராம். வீட்டிலும் அதே சட்டம்தான். திங்கட்கிழமை காலையில் நான் உள்ளே பிரிண்ட் கொடுப்பேன். கூடத்தில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தாள் வந்து விழும். அவரே எடுத்துப்போய்ச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டுவார். பத்து மணி மாத்திரையைப் பத்துக்குப் போடுவார், பத்தே கால் என்ற பேச்சே கிடையாது.

அன்றும் அப்படித்தான். கடைக்கு நேரமாகிவிட்டது. ஃபைலைத் திறக்கக்கூட இல்லை. அதன் பெயரின்மேல் ரைட் கிளிக் செய்து அப்படியே பிரிண்ட் கொடுத்தேன், பிரிண்டர் கரகரத்தது, அப்பா எழுந்து வரும் செருப்புச் சத்தம் கேட்டது. நான் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து லென்ஸை வெட்டி ஃபிரேமில் பொருத்த வேண்டும். கடை திறந்ததும் ஒரு பெரியவர் வந்து, போன வாரம் வாங்கிய கண்ணாடியை மேசைமேல் வைத்தார். எழுத்தெல்லாம் ஆடுகிறதாம். அவர் கொடுத்திருந்த சீட்டைத் தேடி எடுத்தேன். போன வருஷத்துச் சீட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேதி போட்டிருக்கிறதே, அதைக்கூடப் பார்க்காமலா கொடுப்பீர்கள் என்று வாய்க்கு வந்தபடி பிடித்துக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. "ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சும்மா. எது பழசுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

காலையில் திறந்துகூடப் பார்க்காமல் பிரிண்ட் கொடுத்த தாள் எனக்கு நினைவுக்கு வந்தது.

அம்மா போன பிறகு நான் அழுததைத் தவிர ஒன்றே ஒன்று செய்திருந்தேன். மாத்திரைத் தாளைத் திருத்தியிருந்தேன். அம்மா போன ஒரு மாதத்தில் அப்பாவுக்கு மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது. மூன்று மணி நேரம் நிற்கவில்லை. இரத்தம் உறையாமலிருக்க அவர் போடும் மாத்திரை உடம்புக்கு அதிகமாகிவிட்டது என்றார்கள். காலையில் இரண்டு என்றிருந்ததை அரை மாத்திரையாகக் குறைத்து, அடுத்த தடவை மூளைக்குள் கசிந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். அன்று ராத்திரியே தாளில் மாற்றினேன். நான்கு மாதத்துக்கு முந்தைய கம்ப்யூட்டரில் அந்த மாற்றம் எப்படி இருக்கும்? ஊரானின் சீட்டில் தேதி பார்க்கச் சொன்ன நான், என் தாளில் தேதியே போடுவதில்லை.

தம்பியைக் கூப்பிட்டேன். மாத்திரைத் தாளும் பழையதுதானா என்று கேட்டேன்.

"எல்லாமே பழசுதான்க்கா. கேட்டேனே."

அப்பாவுக்கு அடித்தேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. போனை உள் அறையில் சார்ஜில் போட்டுக் கதவைச் சாத்திவிடுவது அவர் வழக்கம். மறுபடி அடித்தேன், மறுபடியும். எதிர்வீட்டு டீச்சர் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அப்பா தாளைப் பார்த்ததும் சந்தேகப்படுவார் என்று மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். அதுவும் முடியவில்லை. சனிக்கிழமைதான் இரத்தப் பரிசோதனைக்குப் போய் வந்தோம். ஒவ்வொரு பரிசோதனைக்குப் பிறகும் அந்த மாத்திரை ஏறும், இறங்கும். இந்தத் தடவை ஏற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வார். புதிதாக ஒட்டியதே செல்லும்.

முதலாளியிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. கடைக் கோட்டோடு ஓடி, கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறினேன். மூன்று ஸ்டாப். இரண்டாவது சிக்னலில் பஸ் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. போனில் ஒன்பது ஐம்பத்தாறு என்று காட்டியது. டிரைவரிடம் கெஞ்சி இறங்கி ஓட ஆரம்பித்தேன். அப்பாவை நான் கொன்றுவிட்டேன் என்ற ஒரு நினைப்புதான் என்னோடு ஓடி வந்தது. மூக்கில் இரத்தம் கொட்டி அப்பாவைச் சேர்த்திருந்த நான்கு நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் தம்பியும் உட்கார்ந்திருந்தோம். அந்த இரும்பு பெஞ்சு கண்முன் நின்றது.

மூன்று மாடி ஏறி வாசலில் நின்றபோது பத்து பன்னிரண்டு. சாவி துவாரத்தில் நுழைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. உள்ளே சத்தமே இல்லை.

அப்பா சமையலறையில், அலமாரிக் கதவுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கண்கள் திறந்திருந்தன. மேசைமேல் இரண்டு கிண்ணங்கள் இருந்தன. ஒன்றில் இரண்டு முழு மாத்திரைகள். எண்ணிப் பார்த்தேன், இரண்டும் அப்படியே இருந்தன. அப்பா இன்னும் போடவில்லை.

இன்னொரு கிண்ணத்தில் ஐந்து மாத்திரைகள் இருந்தன. ஒரு மஞ்சள், இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு, ஒரு நீளமானது. அது யாருக்கு என்று எனக்குத் தெரியும். அந்த மாத்திரை டப்பாவைத் தூக்கிப்போட எங்கள் இரண்டு பேருக்குமே மனசு வந்திருக்கவில்லை.

"தாள்ல இருந்துச்சு, எடுத்து வச்சேன். முதல்ல அவளுக்குக் கொடுத்துட்டுத்தானே நான் போடுவேன்" என்றார் அப்பா. "தண்ணியும் கையுமா உள்ள போயிட்டேன்மா. கட்டில்கிட்ட போனப்புறம்தான்…"

தண்ணீர் டம்ளர் இன்னும் அவர் கையிலேயே இருந்தது. அதை வாங்கி வைத்தேன். அலமாரிக் கதவில், போன வாரத் தாளின்மேல், அம்மா மறுபடியும் இடப்பக்கத்தில் இருந்தாள்.

பயம் இறங்கியதும் எனக்குக் கோபம்தான் வரும். இந்தத் தாள் உங்களைக் கொன்றிருக்கும் என்று கத்திக்கொண்டே கிழிக்கப் போனேன். அப்பா எழுந்து கதவை மறைத்துக்கொண்டு நின்றார். டிப்போவில்கூட அவர் யாரையும் அப்படி மறித்திருக்க மாட்டார்.

"கிழிக்காதே. அதுல அவ இருக்கா."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து, ஒரு வெள்ளைத் தாளை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியில் அப்பாவுக்கான கட்டத்தைப் பேனாவால் எழுதினேன். மேலே தேதி போட்டேன். அரை மாத்திரை என்பதைச் சிவப்பில் எழுதி இரண்டு கோடு கிழித்தேன். பழைய தாளின் வலப்பக்கத்தின்மேல் அதை ஒட்டியது அப்பாதான். ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினார். அரை மாத்திரையை என் எதிரில் போட்டு டிக் அடித்தார்.

அம்மாவின் டப்பாவையும் அந்தக் கிண்ணத்திலிருந்த ஐந்தையும் என் பையில் போட்டுக்கொண்டேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் பையை மடியில் இறுக்கி வைத்திருந்தேன். இப்போது தினமும் பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போன் செய்கிறேன், அவரும் எடுக்கிறார். இடப்பக்கத்துக் கட்டத்தில் அவர் டிக் அடிக்கிறாரா என்று மட்டும் நான் இன்னும் கதவுக்குக் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருக்கிறது.