தக்காளிச் செடிக்கு முட்டு

பழைய ரிவால்வருக்குப் புதிதாக நீலப்பூச்சு ஏற்றுகிறவனை ஆறு மாதமாவது உள்ளே போட வேண்டும் என்பது டெல்மர் க்ராஸின் கருத்து. கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை, மாவட்டக் கண்காட்சிக் கொட்டகையில் துப்பாக்கிச் சந்தை கூடியபோது, அன்றைக்கு முதல் ஆளாக மாட்டியது எண்ணெய்க் கிணற்றுத் தொப்பி போட்ட ஒருவன். தாத்தாவின் ரிவால்வரைப் பளபளவென்று துடைத்துக்கொண்டு வந்து டெல்மரின் பச்சைத் துணி மேல் வைத்தான்.

"என்ன தேறும் சார் இது?"

டெல்மர் அதைக் கையில்கூட எடுக்கவில்லை. "யாரு பூச்சு போட்டது?"

"நான்தான். கராஜுலயே போட்டேன். அங்கங்க சாம்பல் கலரா வெளுத்துக் கெடந்துச்சு."

"அந்தச் சாம்பல் கலர்தான்யா உங்க தாத்தா. அம்பது வருஷம் அவரு கை பட்டுப் பட்டு வெளுத்தது. அதைச் சுரண்டிப்போட்டு செருப்புக்குப் பாலிஷ் போட்ட மாதிரி போட்டு வெச்சிருக்க. இப்ப இது யாரோட துப்பாக்கி? ஒருத்தரோடதும் இல்ல."

அவன் முகம் சுருங்கி, துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டான். பக்கத்து மேசையில் கத்தியும் மான்கறி வற்றலும் விற்கிற ராய்ஸ் ஒரு துண்டு வற்றலைக் கடித்தபடி அலுத்துக்கொண்டான்.

"காலங்காத்தால ஒருத்தனை அழ வெச்சாச்சு. உன் மேசைக்குப் பக்கத்துல எடம் குடுத்தவனைச் சொல்லணும்."

"உண்மையைச் சொன்னா அழுதா அழட்டும். தோட்டா உருளையைச் சினிமாக்காரன் மாதிரி மணிக்கட்டை ஆட்டி மூடுறான் ஒருத்தன். வேட்டை ரைஃபிளை எடுத்துத் தொலைநோக்கி மாட்ட அதோட மண்டையில ஓட்டை போடுறான் இன்னொருத்தன். தோள்ல வைக்கிற கட்டையை அறுக்கிறான். ஆணிக்குப் பொருந்தாத திருப்புளியைப் போட்டுத் திருகித் தலையைச் செதைக்கிறான். நான் பாத்துட்டு கம்முனு இருக்கணுமா?"

"இருந்து பாரேன் ஒரு நாளைக்கு. எனக்கு ரெண்டு கத்தி கூட விக்கும்."

டெல்மரின் மேசையில் பதினோரு ரிவால்வர், மூன்று ரைஃபிள். ஒன்றும் விற்பதற்கல்ல. பேசுவதற்காகக் கொண்டுவந்து பரப்புவார். நாற்பது வருடம் தானியக் கிடங்கில் இயந்திரம் பழுதுபார்த்த மனிதர். பெண்டாட்டி பிள்ளை இல்லை. பத்தடி தள்ளி நின்று பார்த்தாலே கட்டை வால்நட் மரமா, சாயம் பூசிய பீச் மரமா என்று சொல்லிவிடுவேன் என்பது அவருடைய பீற்றல். சொல்லியும் இருக்கிறார், பல தடவை. ஒத்துக்கொள்ள எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் ஆள் சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ராய்ஸ் வற்றலை மென்று முடித்துவிட்டுக் கேட்டான்: "ஆரின் செத்துப் போயி ஏழு மாசம் ஆச்சே. அவர் சம்சாரம் மார்வாகிட்ட அந்த ரைஃபிளைக் கேட்டியா?"

டெல்மர் ஒரு ரிவால்வரை எடுத்து இடம் மாற்றி வைத்தார். அது ஒன்றுதான் அவர் வாயடைத்துப் போகிற விஷயம்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் சிநேகிதர் ஆரின் ஹேக்லண்ட் ஒரு ரைஃபிளைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு டெல்மரின் வீட்டுக்கு வந்தார். மாமனார் கொடுத்தது என்றார். 1911-இல் செய்தது. அடிப்பிடியைக் கீழே தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றுகிற வகை. இடது பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல், அதற்குள் ஒரு பித்தளைச் சக்கரம், உள்ளே இன்னும் எத்தனை தோட்டா இருக்கிறது என்று எண் காட்டும். ஒரு ஓட்டை இல்லை, ஒரு பூச்சு இல்லை, ஆணித் தலைகள் கன்னி கழியாமல் இருந்தன. டெல்மருக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஆனால் இந்தத் தொழிலில் ஊறியவன் எவனும் அப்போது முகத்தில் காட்ட மாட்டான். வாங்க நினைக்கிற பொருளை முதலில் தாழ்த்த வேண்டும், அது சந்தை வழக்கம். டெல்மர் உதட்டைப் பிதுக்கி, "கட்டை மாத்தினது ஆரின். அசல் இல்ல. குழலும் தேஞ்சிருக்கு. எடத்தை அடைக்குதுன்னா என்கிட்ட தள்ளிவிடு" என்றார்.

ஆரின் தள்ளிவிடவில்லை. அதற்காக டெல்மரும் விடவில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை கேட்பார், இரண்டு தடவையும் அதைத் தூற்றுவார். இது பதின்மூன்று வருடம் நடந்தது. அப்புறம் ஏனோ ஆரின் அதை வெளியே எடுத்துக் காட்டுவதையே நிறுத்திவிட்டார். கேட்டால், "அலமாரியில கெடக்கு" என்பார். டெல்மர் அந்த ரைஃபிளின் எண்ணைக்கூட மனப்பாடமாக வைத்திருந்தார். கடைசி மூன்று இலக்கம் 638. தூக்கம் வராத ராத்திரிகளில் ஆட்டை எண்ணுகிறவர்கள் எண்ணட்டும், அவர் அதைச் சொல்லிக்கொள்வார்.

அன்று மதியமே மேசையைச் சுருட்டிவிட்டார். தன்னிடம் இருந்ததிலேயே நல்ல ரிவால்வரை, தந்தப் பிடி போட்டதை, யாரையும் தொடவிடாததை, ஃபிளானல் துணியில் சுற்றி வண்டியில் வைத்துக்கொண்டு மார்வாவின் வீட்டுக்குப் போனார். மாற்றாகக் கொடுத்துவிடுவது என்று முடிவு. வாங்கும்போது மட்டும்தான் தாழ்த்திப் பேசுவது. கொடுக்கிற நேரத்தில் நியாயமாகக் கொடுப்பவர் டெல்மர், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மார்வா ஐந்தடி உயரம்கூட இல்லாத பெண்மணி, அறுபத்தெட்டு வயது. சமையலறையில் ஹக்கிள்பெரிக் காட்டுப்பழம் வைத்துச் சுட்ட கேக்கை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே போகிற கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. கிழட்டு நாய் வந்து போவதற்காக ஒரு கட்டைத் துண்டை முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்திருப்பார்கள். சேறும் நாய்மயிரும் அப்பிய துண்டு. டெல்மர் வழக்கம்போல அதைப் பூட்ஸால் கதவோடு நெருக்கித் தள்ளினார். அது கீச்சென்று தரையில் உரசி நகர்ந்தது.

"ஏம்பா, சந்தை நாளும் அதுவுமா இங்க? சண்டைக்கு ஆள் கெடைக்கலையா?"

"உன்னைப் பாக்கத்தான் வந்தேன் மார்வா."

"என்னையா, என் அலமாரியையா?"

டெல்மர் உட்கார்ந்தார். ஃபிளானலைப் பிரித்து ரிவால்வரை மேசை மேல் வைத்தார்.

"ஆரினோட பழைய ரைஃபிள். அதுக்கு இதைத் தர்றேன். இதை வித்தீன்னா இந்தக் குளிர்காலம் முழுக்க உனக்கு விறகுக் கவலை இல்ல."

மார்வா ரிவால்வரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ஒண்ணுக்கும் ஆகாத துப்பாக்கிக்கு எதுக்குப்பா இவ்வளவு?"

"ஆரின் ஞாபகமா."

சொன்ன வேகத்தில் அவருக்கே அது கூசியது. மார்வா உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ரைஃபிள் இருந்தது.

டெல்மர் அது வேறு துப்பாக்கி என்றுதான் முதலில் நினைத்தார். குட்டையாக இருந்தது. குழலில் நான்கு அங்குலம் காணோம். மண்டையில் நான்கு ஓட்டை போட்டு, மேலே கறுப்பாக ஒரு தொலைநோக்கி உட்கார்ந்திருந்தது. பின்கட்டையை அறுத்து, அறுத்த இடத்தில் ரப்பர் அட்டை ஒட்டியிருந்தது. பக்கவாட்டில் அந்தச் சின்ன ஜன்னல் மட்டும் அப்படியே இருந்தது. உள்ளே பித்தளைச் சக்கரம்.

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"யாரு பண்ணது இதை? எந்த மடையன் பண்ணான்? கையை முறிக்கணும் அவன் கையை!"

"கொஞ்சம் பாத்துப் பேசு. செத்துப் போனவரைப் பத்திப் பேசுற."

"ஆரினா?"

"அவர்தான். ஆறு வருஷம் ஆச்சு. எனக்குத் தோளுக்கு எட்டலை, கட்டை நீளமா இருந்துச்சு. ரெண்டங்குலம் அறுத்தார். எங்க அண்ணன் பண்ணைக்கு வருஷா வருஷம் ரெண்டு பேரும் வேட்டைக்குப் போவோம். இதுல நாலு மான் அடிச்சிருக்கேன், பெரிய எல்க் மான் ஒண்ணு. இந்த சீசனுக்கும் போறேன். இது மாத்திக்கிறதுக்கு இல்ல டெல்மர்."

டெல்மர் விழுந்த நாற்காலியை எடுத்து நிறுத்தக்கூட மறந்து நின்றார். ஊரெல்லாம் தொண்டை கிழியக் கத்தியவர் அவர். எவனெவனோ கேட்டு நடந்துகொண்டான். வாரா வாரம் போய்ப் பார்க்கிற சிநேகிதன் வீட்டில் ஒரு வார்த்தை ஏறவில்லை. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார்.

"கேட்டாரே" என்றாள் மார்வா. "இதோ இந்தப் போன்லதான். ரம்பத்தை மேசை மேல வெச்சுக்கிட்டு."

டெல்மருக்கு அந்தப் போன் நினைவுக்கு வந்தது. செப்டம்பர் மாதத்து ஒரு சாயங்காலம். அவர் இதே தந்தப் பிடி ரிவால்வருக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். 'கடைசியாக் கேக்குறேன் டெல்மர், அந்த ரைஃபிள் நெஜமாவே ஒண்ணுக்கும் ஆகாதா?' என்றார் ஆரின். ஆள் இறங்கி வருகிறார், விலை படியப் போகிறது என்று டெல்மர் உள்ளுக்குள் துள்ளினார். 'தக்காளிச் செடிக்கு முட்டுக் குடுக்கலாம். வேற எதுக்கும் ஆகாது' என்றார். 'சரி, அப்பச் சரி' என்று ஆரின் போனை வைத்துவிட்டார். அன்று ராத்திரி டெல்மர் சந்தோஷத்தில் இரண்டு பீர் குடித்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது தவளைக்கு மட்டும் சொன்னதல்ல.

"அறுத்த துண்டு எங்க?" என்று கேட்டார். அது ஒன்றாவது கிடைத்தால் என்ன என்று ஒரு நப்பாசை.

மார்வா முகவாயை அசைத்துக் கதவைக் காட்டினாள்.

டெல்மர் போய்க் குனிந்து அதை எடுத்தார். உள்ளங்கை அகலத்தில் கனமான துண்டு. அடியில் இரும்புத் தகடு இருந்தது, அதுதான் தரையில் உரசியிருக்கிறது. கட்டை விரலால் சேற்றைத் துடைத்தார். வால்நட். ஆறு வருடமாக வாரத்துக்கு இரண்டு தடவை பூட்ஸால் தள்ளிக்கொண்டிருக்கிறார். பத்தடியிலிருந்து மரத்தைச் சொல்கிற கண் இது.

மேசையில் வைத்து, சட்டைப் பையிலிருந்து தன் திருப்புளியை எடுத்தார். தகட்டில் இருந்த இரண்டு ஆணிகளையும் தலை சிதையாமல் மெல்லக் கழற்றினார். அந்தப் பழக்கம் மட்டும் இப்போதும் போகவில்லை. தகடு விலகியது. மூடியிருந்த இடத்தில் மரம் புதிதாகச் செதுக்கியது போலச் செந்நிறமாக இருந்தது. அதில் தொழிற்சாலையில் அடித்த எண். கடைசி மூன்று இலக்கம் 638.

மார்வா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "துப்பாக்கில இருக்கிற நம்பர்தானே இது?"

"அதேதான்."

"அப்படின்னா?"

டெல்மர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கட்டை மாத்தினது இல்லைன்னு அர்த்தம். அசல். எல்லாமே அசல். நான் பாத்ததுலயே நல்ல ரைஃபிள் அதுதான். மொத நாளே தெரியும் எனக்கு. உங்க ரெண்டு பேருகிட்டயும் பொய் சொன்னேன் மார்வா."

அவள் கேக்கில் ஒரு துண்டை வெட்டித் தட்டில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள். கோபம் ஒன்றும் தெரியவில்லை.

"அது எங்களுக்குத் தெரியும்."

டெல்மர் நிமிர்ந்தார்.

"அந்த வருஷம் கிரேட் ஃபால்ஸ் டவுன்ல ஒரு துப்பாக்கி வியாபாரிகிட்ட காட்டினார். கையில வாங்கினவர் திருப்பித் தரவே மாட்டேன்னார். வீட்டுக்கு வந்து ஆரின் என்ன சொன்னார் தெரியுமா? டெல்மருக்கு ஒரு போன் போடுறேன். இத்தனை வருஷப் பழக்கம், ஒரே ஒரு தடவை நல்ல துப்பாக்கின்னு வாயைத் தெறந்து சொல்லட்டும், சும்மாவே தூக்கிக் குடுத்துடறேன், உனக்குக் குட்டையா வேற ஒண்ணு வாங்கிக்கலாம்னார். நான்கூட, பாவம், டெல்மர் சொல்லிடுவான்னு சொன்னேன்."

வெளியே நாய் மண்ணை உதறிக்கொண்டு படியேறும் சத்தம் கேட்டது. முட்டு இல்லாத கதவு அதற்குள் சாத்திக்கொண்டிருந்தது.

"போனை வெச்சுட்டு, 'தக்காளிச் செடிக்கு முட்டாம்'னார்" என்றாள் மார்வா. "அப்புறம் ரம்பத்தை எடுத்தார்."

நாய் கதவைப் பிராண்டியது. ஒரு தடவை முனகிவிட்டு மறுபடி பிராண்டியது.

"அதை இருந்த எடத்துலயே வெச்சிடு டெல்மர். நாய்க்குக் காலு முடியாது, ரொம்ப நேரம் நிக்காது."

டெல்மர் தகட்டைப் பொருத்தி இரண்டு ஆணியையும் திருகினார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வலிக்கிற முழங்காலைத் தரையில் ஊன்றி, அந்தக் கட்டையைக் கீழே செருகினார். கதவு நின்றது. நாய் அவரைத் தாண்டிக்கொண்டு அடுப்போரம் போய்ப் படுத்தது.