விழுந்தார் என்று எழுது

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் ஆஸ்பத்திரித் துணிகளைத் தோய்த்துக் கொடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் மாக்கிரட் பதினோரு வருடமாக வேலை செய்தாள். துவாய் மடிக்கும் மெஷினுக்கு இந்தப் பக்கம் அவள் நிற்பாள், அந்தப் பக்கம் ரத்தனா. மாக்கிரட் மட்டக்களப்புக்காரி. ரத்தனா தாய்லாந்தின் வடகிழக்கிலிருந்து டெனிஷ் லொறிச் சாரதி ஒருவரைக் கலியாணம் கட்டி வந்தவள். ஒருத்தியின் மொழி மற்றவளுக்குத் தெரியாது. இரண்டு பேரிடமும் இருந்தது அரைகுறை டெனிஷ்தான். கோழி எந்தக் கடையில் மலிவு, முதுகு எந்தப் பக்கம் நோகிறது, போர்மன் இன்றைக்கு என்ன முகத்தோடு வந்திருக்கிறான் என்று கதைக்க அது போதும். சேர்ந்து நின்ற ஆறு வருடத்தில் அதற்கு மேல் தேவைப்படவில்லை.

2009ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை காலை ரத்தனா கண் வீங்கிப்போய் வந்து நின்றாள். துவாய்கள் கோணலாக மடிந்து விழுந்தன. ஒன்பது மணி இடைவேளையில் கன்டீனில் உட்கார்ந்ததும், கோப்பையைத் தொடாமல் கேட்டாள்.

"மாக்கிரட், நீ உன் நாட்டுச் செய்தியை இன்டர்நெட்டில் போடுகிறாயே, அது எப்படிப் போடுவது?"

"ஏன்?"

"பாங்கொக்கில் நேற்று ஆமி சுட்டது. என் தம்பி விச்சாய் அங்கே டாக்ஸி ஓடுகிறான். ஆர்ப்பாட்டத்துக்குப் போனவன். ஃபோனில் படம் எடுத்திருக்கிறான். வானத்தைப் பார்த்துத்தான் சுட்டோம் என்று அரசாங்கம் சொல்கிறது. அங்கே எதைப் போட்டாலும் மூடிவிடுகிறார்கள். அதனால் எனக்கு அனுப்பினான். எனக்கு இதெல்லாம் தெரியாது."

மாக்கிரட்டுக்கும் நாலு மாதத்துக்கு முன்பு தெரியாதுதான். தைமாதம் வன்னியில் சண்டை இறுகியபோது படித்துக்கொண்டாள். இக்காஸ்ட் தமிழர் சங்கத்துக்கு ஒரு இணையப் பக்கம் இருந்தது. சங்கத் தலைவர் தவராஜா அதற்குள் போகும் கடவுச்சொல்லை அவளிடம் கொடுத்து, "உங்களுக்குத்தான் பொறுமை இருக்கு" என்றார். அன்றிலிருந்து செத்தவர்களின் பட்டியல் அவள் வேலை. ஒடென்சேயிலிருந்தும் விபோர்க்கிலிருந்தும் கனடாவிலிருந்தும் உறவினர்கள் ஃபோன் எடுப்பார்கள். பெயர், வயது, இடம், எப்படி. முதலில் கொப்பியில் எழுதுவாள். இன்னொருவரிடம் விசாரித்து உறுதியான பிறகுதான் பக்கத்தில் ஏற்றுவாள். இலங்கையில் அந்தப் பக்கத்தைத் திறக்க முடியாதபடி செய்திருந்தார்கள். அப்படியும் அவள் விடவில்லை. தொண்ணூறில் அவளுடைய அண்ணனை ஆமி முகாமுக்குக் கூட்டிப் போனது. போனவன் வரவில்லை. அவனுடைய பெயர் எந்த நாட்டின் எந்தக் கடதாசியிலும் எழுதப்படவில்லை. இது அவளுடைய மனதில் கிடந்த முள்.

வேலை முடிந்து இரண்டரை மணிக்கு மாக்கிரட்டின் காரில் ரத்தனா வீட்டுக்குப் போனார்கள். அவளுடைய புருசன் ஓவே குசினியில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். "இது வம்பில் முடியும்" என்று மட்டும் சொன்னார். ஆனால் கம்ப்யூட்டரைப் போட்டுக் கொடுத்ததும் அவர்தான்.

படம் ஒன்றரை நிமிடம். விடியற்காலை வெளிச்சம். அகலமான ஒரு சந்தி. ஆமிக்காரர் வரிசையாக நிற்கிறார்கள். சிலருடைய துவக்கு வானத்தைப் பார்க்கிறது. இரண்டு பேருடையது நேராக நீண்டிருக்கிறது. சத்தம். சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் ஓடி வந்து, கால் மடங்கி, ரோட்டில் விழுகிறார். யாரோ அவருடைய சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள். அதோடு படம் ஆடி நின்றுவிடுகிறது.

மூன்று தரம் பார்த்தார்கள். ரத்தனா தாய்லாந்து எழுத்தில் தலைப்பை அடித்துவிட்டு, என்ன அடித்தேன் என்று சொன்னாள். "ஆமி நேராகச் சுட்டது. ஒருவர் செத்தார்."

"செத்தாரா?" என்று மாக்கிரட் கேட்டாள்.

"விழுந்தாரே, நீயும் பார்த்தாய்."

"விழுந்ததைத்தான் பார்த்தேன். உன் தம்பிக்குத் தெரியுமா, செத்தார் என்று?"

"தெரியாது. இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்."

"அப்படியென்றால் விழுந்தார் என்று எழுது."

ரத்தனாவுக்குக் கோபம் வந்தது. "அவர்கள் அவ்வளவு பொய் சொல்கிறார்கள். நான் ஒரு சொல் கூட்டிச் சொன்னால் என்ன?"

"அந்த ஒரு சொல்லைப் பிடித்து முழுப் படத்தையும் பொய் என்பார்கள். எனக்குத் தெரியும்."

ரத்தனா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு சொல்லை மாற்றினாள். மாற்றிவிட்டுத் திரும்பி, "உன்னுடைய பட்டியல் முழுக்க இப்படித்தானா? ஒவ்வொரு சொல்லும்?" என்று கேட்டாள். குத்திக் காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஓம்" என்று தமிழில் வாயில் வந்தது மாக்கிரட்டுக்கு. படத்தைச் சங்கப் பக்கத்தின் ஒரு மூலையில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

முழுக்க இப்படி இல்லை. ஒரு வரி பிசகியிருந்தது. பங்குனியில் ஒடென்சேயிலிருந்து நித்தியானந்தன் என்பவர் எடுத்திருந்தார். அவருடைய தமக்கை கமலாதேவி, முப்பத்தெட்டு வயது, நந்திக்கடல் தண்ணீருக்குள்ளால் பிள்ளைகளோடு தப்பி வரும்போது செத்துப்போனாள். தப்பிய மகள் வவுனியாவிலிருந்து மாமனுக்கு நடந்ததைச் சொல்லியிருந்தாள். ஆமி இருந்தது முன்னால். வெடி வந்தது பின்னால், போகவேண்டாம் என்று மறித்த எங்கட இயக்கப் பெடியளிடமிருந்து. "உள்ளபடி போடுங்கோ அக்கா" என்றார் நித்தியானந்தன். கூட வந்த இன்னொரு குடும்பத்திடமும் விசாரித்துவிட்டு மாக்கிரட் உள்ளபடியே போட்டாள். பின்னாலிருந்து சுடப்பட்டார். அரை மணித்தியாலத்தில் தவராஜா எடுத்தார். "பொய் எண்டு நான் சொல்லயில்லைத் தங்கச்சி. இப்ப வேண்டாம். வெள்ளைக்காரன் இதைத்தான் பிடிச்சுக்கொள்ளுவான்." அவள் அந்த வரியை எறிகணை வீச்சில் என்று மாற்றினாள். நித்தியானந்தன் ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு அவர் எடுக்கவுமில்லை.

அந்தக் கிழமை முழுவதும் துவாய் மடிக்கும்போது அவளுக்கு இதே நினைப்பாக இருந்தது.

விச்சாயின் படம் பரவியது. நாலாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள் என்று ரத்தனா சொன்னாள். மூன்றாம் நாள் தம்பியிடமிருந்து செய்தி வந்தது. இப்போது பாங்கொக்கில் திறந்தால் அமைச்சின் அறிவித்தல்தான் வருகிறது, படம் இல்லை. மாக்கிரட்டுக்கு இந்த விளையாட்டுப் பழக்கம். வேறொரு விலாசத்தில் இன்னொரு பக்கம் திறந்து அதே படத்தை ஏற்றினாள். இரண்டு நாளில் அதையும் மூடினார்கள். அடுத்ததைத் திறந்தாள். "நம்முடைய போர்மனைவிடச் சுறுசுறுப்பாக இருக்கிறார்கள்" என்றாள் ரத்தனா. அந்த மாதத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த கிழமை சனிக்கிழமை மத்தியானம் தவராஜா மறுபடி எடுத்தார். குரலில் வழமையான மரியாதை இருந்தது, ஆனால் இறுக்கமாக இருந்தது.

"தங்கச்சி, எங்கட சனம் அங்க புழுவாச் சாகுது. நீங்கள் எங்கட பக்கத்தில தாய்லாந்துப் படம் ஓட்டுறியளாம். என்ன இது?"

"அதுவும் சனம்தானே அண்ணை."

"அவையின்ர பிரச்சினை வேற. அதை எடுத்துவிடுங்கோ."

மாக்கிரட் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவளுடைய புருசன் அல்பேட் முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

"எடுக்கமாட்டன் அண்ணை. இன்னொண்டும் சொல்லவேணும். கமலாதேவியின்ர வரியைத் திருப்பி மாத்தப்போறன். முதல் இருந்த மாதிரி."

"இந்த நேரத்திலயோ?"

"நேரம் பாத்துப் பாத்துத்தான் நான் பொய் எழுதினனான். எங்கட பக்கத்தை அங்க மூடி வைச்சிருக்கிறாங்கள் எண்டு நாங்கள் உலகம் முழுக்கச் சொல்லுறம். நானே ஒரு வரியை மூடிப்போட்டு எந்த வாயால அதைச் சொல்லுறது?"

"யோசிச்சுச் செய்யுங்கோ" என்று சொல்லித் தவராஜா ஃபோனை வைத்துவிட்டார்.

அவள் யோசிக்கப் போகவில்லை. உடனே உட்கார்ந்து, எறிகணை வீச்சில் என்பதை அழித்து, பின்னாலிருந்து சுடப்பட்டார் என்று அடித்தாள்.

திங்கட்கிழமை கடவுச்சொல் வேலை செய்யவில்லை. தாய்லாந்துப் படம் பக்கத்தில் இல்லை. கமலாதேவியின் பெயரே இல்லை. அன்று பின்னேரம் தெரியாத இரண்டு நம்பர்களிலிருந்து எடுத்துத் துரோகி என்று ஏசினார்கள். இரண்டாவது ஆளுக்கு மாக்கிரட் சொன்னாள். "தம்பி, உங்கட பேரைச் சொல்லுங்கோ. நான் எதையும் பேரோடதான் எழுதுறனான்." அந்த ஆள் வைத்துவிட்டான்.

அல்பேட் பஸ் ஓட்டுகிற மனுசன், கதை குறைவு. நடந்ததைக் கேட்டுவிட்டு, "கொப்பியள் இருக்குத்தானே?" என்றார்.

"ஓம், அஞ்சு கொப்பி."

"அப்ப திருப்பி அடிப்பம். நான் வாசிக்கிறன்."

பத்துப் பின்னேரங்கள் பிடித்தன. அவர் பெயரும் வயதும் வாசிக்க, அவள் புதுப் பக்கம் ஒன்றில் அடித்தாள். ஆயிரத்துச் சொச்சம் பெயர். குழந்தைகளின் வயது வரும்போது அல்பேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வாசிப்பார். கமலாதேவியின் வரி வந்ததும் அவர் ஒரு தரம் நிறுத்தி அவளைப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள். உள்ளபடி வாசித்தார்.

இதற்கிடையில் ரத்தனாவுக்கு வேறு தலையிடி வந்தது. தாய்லாந்துக் கடையில் ஒரு பெண் அவளைத் தனியே கூப்பிட்டு, ஆமி சுட்ட படம் இருக்கும் பக்கத்தை நடத்துகிறவர் யார் என்று விசாரிக்கிறார்களாம், ஊருக்குப் போகும்போது கவனம் என்று சொன்னாள். ஆனி மாதத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று. அவளுடைய தாய்க்கு இரண்டு கண்ணிலும் வெண்புரை. ஒப்பரேசனுக்கு மகள் பக்கத்தில் நிற்கவேண்டும்.

"எடுத்துவிடச் சொல்கிறார் ஓவே" என்றாள் ரத்தனா, மெஷின் சத்தத்துக்கு மேலாக.

"நீ என்ன சொல்கிறாய்?"

"எடுக்கக் கூடாது. ஆனால் அம்மாவிடம் போகவேண்டும்."

மாக்கிரட் இரண்டு துவாய் மடிக்கும் நேரம் யோசித்தாள். "என் பெயரைப் போடு. பொறுப்பு மாக்கிரட், இக்காஸ்ட் என்று. வீட்டு விலாசமும் போடு. தாய்லாந்து எழுத்தில் போடு."

"உன்னைத் தாய்லாந்துக்குள் விடமாட்டார்கள்."

"என் நாட்டுக்குள்ளேயே நான் போக முடியாது. இதில் இன்னொன்று."

அன்று பின்னேரம் ரத்தனா அதை அடித்தாள். மாக்கிரட் தன் பெயர் வளைந்து வளைந்து திரையில் வருவதைப் பார்த்தாள். இதுதான் தன் பெயர் என்று இன்னொருத்தி சொல்லித்தான் தெரியவேண்டியிருந்தது.

வைகாசி பதினெட்டாம் திகதி சண்டை முடிந்தது என்று கொழும்பு அறிவித்தது. அன்று மாக்கிரட் வேலைக்குப் போகவில்லை. ஃபோன் முதலில் விடாமல் அடித்தது, பிறகு அடியோடு நின்றது. தொலைக்காட்சியில், கொழும்புத் தெருவில் வெற்றியென்று பால்சோறு பரிமாறினார்கள். டென்மார்க்கில் தெரிந்த தமிழ் வீடெல்லாம் செத்த வீடாக இருந்தது. மறுநாள் நித்தியானந்தன் எடுத்தார்.

"அக்கா, புதுப் பக்கத்தை இப்பத்தான் பாத்தன்."

"தம்பி, நான் முதல் செய்தது பிழை."

"ஓம், பிழைதான்." அவர் மறைக்கவில்லை. "எனக்கு நல்ல கோவம் இருந்தது. இண்டைக்கு இவ்வளவும் முடிஞ்சுபோச்சுது. ஒருத்தரும் மிஞ்சயில்லை, ஒண்டும் மிஞ்சயில்லை. என்ர அக்காவின்ர அந்த ஒரு வரி கிடக்குது. வவுனியாவில இருக்கிற மருமகளுக்குச் சொன்னன். திருப்பி வாசிக்கச் சொன்னாள்."



ஆனியில் ரத்தனா போனாள். பாங்கொக் விமான நிலையத்தில் அவளை ஒரு அறைக்குக் கூட்டிப்போய் ஆறு மணித்தியாலம் வைத்திருந்தார்கள். மேசையில் அந்த இணையப் பக்கம் அச்சடித்துக் கிடந்தது. இதையெல்லாம் அவள் திரும்பி வந்தபிறகு கன்டீனில் இருந்து சொன்னாள்.

"யார் இந்த மாக்கிரட் என்று கேட்டார்கள். என்னோடு துவாய் மடிக்கிறவள் என்றேன். அவளுக்குத் தாய்லாந்து மொழி தெரியுமா என்றார்கள். ஒரு எழுத்தும் தெரியாது என்றேன். நம்பவில்லை. பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். ஒரு இலங்கைக்காரிக்கு எங்கள் நாட்டில் என்ன வேலை என்று கேட்டார்."

"நீ என்ன சொன்னாய்?"

"அவள் விழுந்தார் என்றுதான் எழுதச் சொன்னாள், செத்தார் என்று எழுத விடவில்லை, நீங்கள் அவளுக்கு நன்றி சொல்லவேண்டும் என்றேன்."

மாக்கிரட்டுக்குச் சிரிப்பு வந்தது. ரத்தனா சிரிக்கவில்லை.

"அந்தப் பக்கத்தை மூடவைப்பேன் என்று கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். வைத்தால் எப்போதும் வந்துபோகலாம். வைக்காவிட்டால் இந்தத் தரம் விடுகிறோம், அடுத்த தரம் வராதே என்றார்கள்."

"வைத்தாயா?"

"இல்லை."

தாயின் இரண்டு கண்ணும் சுகமாகியிருந்தன. விச்சாய் லாவோஸ் எல்லைப் பக்கம் எங்கேயோ மறைந்திருந்தான், அவனைக் காணக் கிடைக்கவில்லை. கிளம்பும் நாளில் தாய் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கிட்ட வைத்துக் கன நேரம் பார்த்தாள். அடுத்த தரம் இல்லை என்று ரத்தனா தாயிடம் சொல்லவில்லை. தாய்க்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாள்.

மணி அடித்தது. எழும்பும்போது ரத்தனா சொன்னாள்.

"இன்றைக்கு உன் வீட்டுக்கு வருகிறேன். தாய்லாந்தின் வடக்கிலிருந்து ஒருவர் இரண்டு படம் அனுப்பியிருக்கிறார். இனி பக்கத்தில் உன் பெயருக்குக் கீழே என் பெயரையும் போடவேண்டும்."

"இப்போது எதற்கு?"

"இப்போது என்னாலும் அங்கே போக முடியாது" என்றாள் ரத்தனா. "வா, துவாய் குவிந்திருக்கும்."