வராத பணத்துக்கு வந்த வரி

அண்ணனை வீட்டிலும் சேர்மன் என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா தொடங்கிய பிளாஸ்டிக் வாளிக் கம்பெனியில் நூற்றுக்கு எழுபது பங்கு அவருடையது. மீதி முப்பது தங்கச்சிக்கு. அந்த முப்பதை வைத்துக்கொண்டு அவள் இதுவரை ஒரு வாளிகூட ஓசியில் வாங்கியதில்லை.

லாபத்தைப் பிரித்துக் கொடுங்கள் என்றால் சேர்மனுக்கு வரி ஞானம் பொங்கிவிடும். கம்பெனி லாபத்துக்கு ஒரு தடவை வரி, அதையே டிவிடெண்டாக வீட்டுக்குக் கொண்டுபோனால் இன்னொரு தடவை வரி, ஒரே மாட்டை ஒரே நாளில் ரெண்டு தடவை கறப்பார்களா என்று கேட்பார். கறப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஒரு வருஷம் மனசு இளகி, ரொக்கத்துக்குப் பதிலாக எல்லாருக்கும் போனஸ் பங்கு கொடுத்தார். இதற்கு வரியே கிடையாது என்று பெருமை வேறு. அவளுடைய பங்குகள் இரண்டு மடங்காயின. அவருடையதும் இரண்டு மடங்கானதால், நூற்றுக்கு முப்பது அப்படியே முப்பதாக நின்றது.

வருஷாந்திரப் பொதுக்கூட்டம் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடக்கும். அதாவது ஆடிட்டர் வருவார், மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய இடங்களில் எல்லாம் அவள் கையெழுத்துப் போடுவாள், அவர் டீ குடித்துவிட்டுக் கிளம்புவார். படித்துப் பார்ப்பது அண்ணனைச் சந்தேகப்படுவதாகிவிடும். அது அந்தக் குடும்பத்து மரியாதை.

இந்த வருஷம் அவளுக்குப் பணம் தேவைப்பட்டது. இருபத்தாறு வருஷம் நின்றுகொண்டே பாடம் நடத்தியதில் இடது முட்டி தேய்ந்துபோயிருந்தது. மாற்றித்தான் ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் வலதும் போய்விடும் என்றார் டாக்டர். டிவிடெண்ட் அறிவித்தாயிற்று என்று ஆடிட்டர் போனில் சொன்னதும் ஆஸ்பத்திரியில் தேதி வாங்கிவிட்டாள். பணம் வரவில்லை. வரித்துறைக் கடிதம் வந்தது: இவ்வளவு டிவிடெண்ட் வருமானம், இவ்வளவு வரி, மாசக் கடைசிக்குள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். லிஃப்டில் 'இயக்குநர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. மூன்று மாடியும் கைப்பிடியைப் பிடித்து ஏறினாள்.

சேர்மன் கணக்கு பேசுவதில்லை, அதற்கு ஆடிட்டர் இருந்தார். சேர்மன் புது வீடு கட்டக் கம்பெனியிலிருந்து கடன் எடுத்திருந்தாராம். இப்படிக் குடும்பத்துக்குள்ளேயே இருக்கும் கம்பெனி பங்குதாரருக்குக் கடன் கொடுத்தால், வரித்துறை அதை டிவிடெண்டாகவே எடுத்துக்கொள்ளுமாம். வம்பு வருவதற்குள் முறையாக டிவிடெண்ட் அறிவித்து, சேர்மன் பங்கை அந்தக் கடனில் கழித்தாயிற்று. அவருக்கு மட்டும் அறிவிக்கச் சட்டம் விடவில்லை. அதனால் தங்கச்சிக்கும் அறிவிக்கும்படி ஆகிவிட்டது.

"சரி, என் பங்கு எங்கே?"

"அதைத்தான் நீங்க அஞ்சு வருஷத்துக்குக் கம்பெனிக்கே கடனாக் குடுத்துட்டீங்களேம்மா. மூணாவது ஸ்டிக்கர்."

கையில் வாங்காவிட்டாலும் வருமானம் வருமானம்தான், வரி வரிதான் என்றும் சேர்த்துக்கொண்டார். சேர்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, வரி கட்டுவது ஒரு கௌரவம் என்று ஐந்து நிமிஷம் பேசினார்.

வரி கட்டவும் முட்டிக்கும் ஆகிற அளவாவது கம்பெனி கடனாகக் கொடுக்கட்டும் என்றாள். ஆடிட்டருக்கு உண்மையிலேயே சங்கடமாக இருந்தது. "அது பங்குதாரருக்குக் குடுக்கிற கடனாயிடும்மா. அதையும் டிவிடெண்டுன்னுதான் எடுத்துப்பாங்க. அதுக்கும் நீங்க வரி கட்டணும்."

பேச்சு முடிந்தது என்று நினைத்து அவர் புது ஃபைல் ஒன்றைத் திறந்தார். வாளிக்கு மூடி செய்யும் மெஷின் வாங்க பேங்க் கடன் தருகிறதாம். பங்குதாரர் இருவருமே கையெழுத்துப் போட்ட தீர்மானம் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ஒரு நாள் தாமதமானாலும் கடன் ரத்து. ஏழு ஸ்டிக்கர். சேர்மன் தன் பேனாவையே நீட்டினார்.

அவள் பேனாவை வாங்கவில்லை. தாள்களை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"படிச்சுப் பாத்துட்டுத் தர்றேண்ணா."

"படிக்கிறதுக்கு என்ன இருக்கு? எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு அஞ்சு வருஷம் ஆகும்."

சேர்மன் முதல் தடவையாக அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் வந்தார். லிஃப்டில போயேன் என்றுகூடச் சொன்னார். அவள் இடது காலை முதல் படியில் வைத்து, வலி அடங்கும்வரை நின்று, அடுத்த படியில் வைத்தாள். வரிக்கு வளையலை விற்கலாம். ஆஸ்பத்திரித் தேதியை மட்டும் கேன்சல் செய்ய வேண்டும்.