கடைசியிலிருந்து சொல்லிக்கொடுத்தவள்

அரூரில் பள்ளிவாசலைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் ஒரு சந்து. அதில் மூன்றாவது வீடு முனாப்புடையது. ஸ்டவ், பெட்ரோமாக்ஸ் விளக்கு ரிப்பேர் செய்வது அவன் தொழில். கல்யாண வீடுகளுக்கு விளக்கு எடுத்துப் போய் மாட்டிக் கொடுப்பதும் உண்டு. 1966 வைகாசியில் ஒரு பந்தலில் விளக்கு மாட்ட மூங்கிலில் ஏறியவன், கட்டு அவிழ்ந்து, கீழே கிடந்த கருங்கல்லில் தலை மோத விழுந்தான்.

சேலம் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கண் திறக்கவில்லை. பன்னிரண்டாவது நாள் திறந்து, பக்கத்தில் இருந்த மனைவி ரஹமத் பீவியிடம் "தண்ணி" என்றான். அவள் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். பிழைத்துவிட்டான் என்று நினைத்தாள்.

"கை, கால், பேச்சு எல்லாம் இருக்கும்மா," என்றார் டாக்டர். "மத்தது வீட்டுக்குப் போனாத்தான் தெரியும். பொறுமையாப் பாத்துக்குங்க."

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை தெரிந்தது. சட்டையைக் கையில் கொடுத்தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு குனிந்து சட்டைக் கைக்குள் காலை நுழைத்தான். விளையாடுகிறான் என்று அவள் சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் கோபப்படவில்லை, வெட்கப்படவும் இல்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தான்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. முனாப்பைப் பெற்றவர்களும் இல்லை. தருமபுரியில் தோல் வியாபாரம் செய்த அண்ணன் கரீம் ஒருவன்தான் ரஹமத்துக்கு நாதி. அவன் வந்து பார்த்தான், தர்காவுக்கு அழைத்துப் போனான், கயிறு கட்டினான். ஒன்றும் மாறவில்லை. ரஹமத் புளி மண்டிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். புளியை உடைத்துக் கொட்டை எடுக்கும் வேலை. திரும்பி வரும்வரை பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் எட்டிப் பார்த்துக்கொள்வாள்.

முதலில் ரஹமத் எல்லாரும் செய்வதுபோலத்தான் சொல்லிக்கொடுத்தாள். டீ எப்படிப் போடுவது என்று முதலிலிருந்து காட்டினாள். மூன்றாவது வேலைக்குள் அவன் கை நின்றுவிடும். பாத்திரத்தைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் அவள் தானே டீ போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினாள். டீ போடுவதற்குள் பத்தொன்பது வேலை இருந்தது. இத்தனை நாளாக யோசிக்காமலே இத்தனையும் செய்திருக்கிறோமா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

மண்டியில் புளி உடைத்துக்கொண்டிருக்கும்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. முதலில் தொடங்கினால் அவனுக்கு முடிவே வருவதில்லை. முடிவிலிருந்து தொடங்கினால் என்ன?

மறுநாள் பதினெட்டு வேலையையும் அவளே செய்தாள். வடிகட்டிய டீயைக் குவளையில் வைத்து, "டம்ளர்ல ஊத்துங்க, அது மட்டும்தான்," என்றாள். அவன் ஊற்றினான். தானே ஊற்றிய டீயைத் தானே குடித்தான். பத்து நாள் அதுவே. பிறகு வடிகட்டுவதையும் அவனிடம் விட்டாள். பிறகு அடுப்பிலிருந்து இறக்குவது. ஒவ்வொன்றாகப் பின்னுக்குப் போய், அடுத்த ஆடி வருவதற்குள் ஸ்டவ் பற்றவைப்பதிலிருந்து அவனே செய்தான்.

சட்டையும் அப்படித்தான். போட்டுவிட்டு ஒரு பொத்தானை மட்டும் அவனுக்கு விட்டாள். பிறகு இரண்டு பொத்தான். தெருவும் அப்படித்தான். அவனை வாசலுக்கு நான்கடி முன்னால் நிறுத்தி, "இப்ப உள்ள வாங்க" என்பாள். பிறகு சந்து முனையில் நிறுத்தினாள். பிறகு பள்ளிவாசலில்.

"இடது பக்கம் திரும்பு, மூணாவது வூடு," என்று அவன் முணுமுணுத்துக்கொண்டே வருவான்.

"எந்த வாத்தியாருகிட்ட படிச்ச நீ?" என்று கோவிந்தம்மாள் ஆச்சரியப்பட்டாள். "மனுசன் தானா தொழுதுட்டு வந்து தானா டீ போட்டுக் குடிக்கிறாரே."

"இன்னும் ஒரு வருசம் போவட்டும்க்கா. ஸ்டவ் ரிப்பேரும் வந்துரும்," என்றாள் ரஹமத். அப்போது அவள் அதை நம்பினாள்.

ஒரு நாள் மண்டியிலிருந்து வந்தபோது வீடெல்லாம் தீக்குச்சி வாசம். முனாப் ஸ்டவ் முன்னால் குந்தியிருந்தான். சுற்றிலும் எரிந்த குச்சிகள். பெட்டி காலி.

"எரியல," என்றான்.

அவள் ஸ்டவ்வை ஆட்டிப் பார்த்தாள். உள்ளே சொட்டு மண்ணெண்ணெய் இல்லை.

"எண்ண இருக்குதான்னு பாத்தீங்களா?"

"பாக்கணுமா?"

அரூர் தாலுகாவில் பாதி ஸ்டவ் அவன் கைபட்டவை. அவள் குச்சிகளைப் பொறுக்கினாள். மறுநாளிலிருந்து ஸ்டவ்வை ஆட்டிப் பார்ப்பது இருபதாவது வேலையாகச் சேர்ந்தது. அதற்கடுத்த வாரம் பால் திரிந்திருந்தது. திரிந்த பாலிலேயே டீ போட்டுக் குடித்திருந்தான். பாலை முகர்ந்து பார்ப்பது இருபத்தொன்று. அப்புறம் பானையில் தண்ணீர் இல்லாத நாள். வெறும் பாத்திரம் அடுப்பில் கருகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் பாடத்தில் இல்லாத ஏதாவது ஒன்று வந்தது. சொல்லிக்கொடுத்ததை அவன் ஒருபோதும் மறக்கவில்லை. சொல்லாதது ஒன்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

தானாக யோசிப்பதைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

"ஒண்ணு சரியா வரலைன்னா சும்மா திரும்பத் திரும்பச் செய்யாதீங்க," என்று ஒரு வெள்ளிக்கிழமை அவனை எதிரில் உட்காரவைத்துச் சொன்னாள். "நின்னு, 'ஏன்'னு கேளுங்க. உங்களையே கேளுங்க. என்ன?"

"ஏன்," என்றான்.

"ஆமாங்க. அப்படிக் கேட்டா பதில் வரும்."

அடுத்த நாள் காலை கதவோரம் நின்று பார்த்தாள். முனாப் ஸ்டவ்வை ஆட்டினான். திரியை ஏற்றினான். தீக்குச்சியை எடுத்தான். "ஏன்," என்றான். குச்சியை உரசினான். ஸ்டவ் எரிந்தது. பாலை முகர்ந்தான். "ஏன்," என்றான். பாலை ஊற்றினான்.

ரஹமத் கொல்லைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

அந்தச் சமயத்தில் கரீம் வந்தான். தங்கையை வெளியே அழைத்து, "உனக்கு வயசு இருபத்தாறு," என்றான். "ஜமாத்துல பேசித் தலாக் வாங்கிக்கலாம். யாரும் உன்னைத் தப்பு சொல்ல மாட்டாங்க."

"அவரு டீ போடறாருண்ணே. ஒத்தையில பள்ளிவாசல் போய் வராரு."

"அதோட நின்னுபோச்சு, இல்ல?"

கரீம் மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

1969 புரட்டாசியில் தண்ணீர்க் குழாய் போடச் சந்து முனையில் பள்ளம் வெட்டினார்கள். வேலை காலையில் தொடங்கியது. ரஹமத் அதற்கு முன்பே மண்டிக்குப் போயிருந்தாள். சாயங்காலத் தொழுகை முடித்து முனாப் வந்தபோது, திரும்ப வேண்டிய இடத்தில் மண்மேடு. சனங்கள் அதைச் சுற்றிக்கொண்டு நேரே போனார்கள். அவனும் போனான். அடுத்து வந்த சந்தில் இடது பக்கம் திரும்பினான். மூன்றாவது வீட்டுக்குள் நுழைந்தான்.

அந்த வீட்டில் அந்த வாரம்தான் புதிதாகக் குடிவந்திருந்தார்கள். அவனை யாருக்கும் தெரியாது. அடுப்படியில் ஸ்டவ் இருந்தது. அவன் அதை ஆட்டிப் பார்த்து, திரியை ஏற்றி, தீக்குச்சியை உரசியபோது வீட்டுக்காரி பார்த்துக் கத்திவிட்டாள். ஆண்கள் ஓடிவந்தார்கள். யார் என்று கேட்டார்கள். எதற்கு வந்தாய் என்று கேட்டார்கள். அவன் எல்லாவற்றுக்கும் ஒன்றே சொன்னான்.

"ஏன்."

தெனாவெட்டுப் பேச்சு என்று நினைத்தார்கள். வேப்ப மரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். தலையிலும் அடித்தார்கள். சத்தம் கேட்டு ஓடிய கோவிந்தம்மாளின் புருஷன் கருப்பண்ணன்தான் அடையாளம் சொல்லிக் கட்டை அவிழ்த்தான். ரஹமத் போனபோது முனாப் மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். சட்டைப் பொத்தான் ஐந்தும் சரியாகப் போட்டிருந்தது.

"தெரியாம நடந்துபோச்சும்மா," என்றார் அந்த வீட்டுப் பெரியவர். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்போம்."

ரஹமத் கருப்பண்ணனுடன் சேர்ந்து முனாப்பைத் தூக்கி நிறுத்தினாள்.

காயம் ஒரு மாதத்தில் ஆறியது. ஆனால் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டால் அவன் சுவரோரம் போய் ஒடுங்கிக்கொண்டான். டீ போயிற்று. சட்டை போயிற்று. வாசல் தாண்டவே மாட்டேன் என்றான். ரஹமத் மறுபடியும் கடைசியிலிருந்து தொடங்கினாள். குவளையை அவன் கையில் கொடுத்து, "ஊத்துங்க, அது மட்டும்தான்," என்றாள். குவளை கை நழுவி விழுந்தது. மறுநாளும் கொடுத்தாள். ஐப்பசி, கார்த்திகை முழுக்கக் கொடுத்துப் பார்த்தாள். மார்கழியில் ஒரு காலை குவளையை எடுத்தவள், அவனிடம் கொண்டுபோகாமல் தானே டம்ளரில் ஊற்றினாள். அன்றிலிருந்து சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டாள். இன்ன நாளோடு நிறுத்துவது என்று அவள் முடிவு எதுவும் செய்யவில்லை.

கோவிந்தம்மாள் இரண்டு வாரம் பார்த்துவிட்டுக் கேட்டாள். "என்ன ரகமத்து, பாடம் நடக்கறதில்லையா?"

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லிக் குடுத்துட்டேன்க்கா."

"மறுக்காச் சொல்லு. மொதல்ல வரல, பொறவு வந்துச்சே."

"வந்துச்சு. அவுரு எதையும் தப்பாச் செய்யலக்கா. நான் சொன்னபடியேதான் போனாரு. நான் சொன்னபடியேதான் திரும்புனாரு." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொருக்கா சொல்லிக் குடுக்க எனக்குப் பயமா இருக்குது."

மாசியில் மண்டிக்குப் புதுப்புளி வந்தது. வேலை நிறைய இருந்தது. காலையில் அவனுக்குச் சோறூட்டி, பாயில் உட்காரவைத்து, வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டுப் பூட்டினாள். சாவியைக் கோவிந்தம்மாளிடம் நீட்டினாள்.

"ஏதாச்சும் சத்தம் கேட்டா தொறந்து பாருங்கக்கா."

கோவிந்தம்மாள் சாவியை வாங்கிக்கொண்டாள். "சத்தமே வர்றதில்லையே ரகமத்து," என்றாள்.

ரஹமத் பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள். மண்டியில் சங்கு ஊதியது. அவள் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள்.