கண்டிப்பா வர்றோம்

மோட்டார் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடக்கூட லோகேஸ்வரனுக்குப் பொறுமை இல்லை. அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, ரஹ்மத்தின் சாப்பாட்டுக் கடைக்குள் பாய்ந்தான்.

"அண்ணே, நாற்பது பேருக்குச் சாப்பாடு வேணும். இப்பவே."

ரஹ்மத் தேநீர் ஆற்றிய கையை நிறுத்தவில்லை. தீபாவளியும் அதுவுமாக நாற்பது பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று நிதானமாக விசாரித்தார்.

லோகேஸ்வரன் மென்று விழுங்கிச் சொன்னான். நேற்று தாமான் எனப்படும் தங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், 'தீபாவளிக்கு எல்லாரும் வீட்டுக்கு வாங்க' என்று ஒரு வரி போட்டான். அவன் ஊரான நாமக்கல்லில் அப்படிச் சொல்வது ஒரு மரியாதை. 'கண்டிப்பா வர்றோம்' என்பது பதில் மரியாதை. அதோடு சரி, யாரும் வரமாட்டார்கள். இந்த மலேசியக் கரங்கானில் வந்துவிட்டார்கள். காலை பத்து மணிக்கு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. தமிழர், மலாய்க்காரர், மூலை வீட்டுச் சீனக் குடும்பம், எல்லாரும். வீட்டில் இருந்ததோ எட்டு இட்லி.

"இங்க வாங்கன்னா வந்துருவாங்க லா, தம்பி. தீபாவளி ஓப்பன் ஹவுஸ் அப்படித்தான். உங்க தாமான்காரங்க எனக்கும் சொல்லிட்டாங்க. மத்தியானம் பொண்டாட்டியோட வரலாம்னு இருந்தேன்."

சொல்லிக்கொண்டே அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி, மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸும் கோழிக் குழம்பும் கட்டச் சொன்னார்.

லோகேஸ்வரனின் கவலை சாப்பாடு மட்டுமல்ல, மனைவி ஷாமளாவும்தான். பக்கத்து ஊரான கூலிமில் ஒரு தொழிற்சாலையில் அவள் என்ஜினியர். ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். கேட்டால், 'பார்க்கலாம்' என்பாள். அவனோ வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டு, இந்த ஊரோடு ஒட்டிப்போயிருந்தான். சாயங்காலம் பூப்பந்து, ஆட்டம் முடிந்ததும் எதிர்வீட்டு சிவநேசனோடு அரட்டை. இங்கேயே இருக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்லத்தான் தயக்கம். வேலை அவளுடையது. அவளுக்குக் கிடைத்த ஒரே லீவு நாளில் நாற்பது பேரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, இரு என்று எந்த முகத்தோடு கேட்பது?

இரண்டு பெரிய பாத்திரங்களைப் பின்னால் கட்டிக்கொண்டு பறந்தான்.

வீட்டில் பக்கத்து வீட்டு இராசாத்தி அக்கா தன் வீட்டு நாற்காலிகளை எல்லாம் முற்றத்தில் போட்டிருந்தார். பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஷாமளா சிராப் என்ற ரோஜா சர்பத்தை ஊற்ற, விருந்துக்கு வந்திருந்த மலாய்ப் பெண் அகீலா தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். அகீலா ஏதோ சொல்ல, ஷாமளா பாதி மலாயில் பதில் சொன்னாள். அவனைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபமா, சிரிப்பை அடக்குகிறாளா? பிடிபடவில்லை.

சாப்பிட்டவர்கள் போனார்கள். புதிதாக ஆட்கள் வந்தார்கள். ரஹ்மத்தும் சொன்னபடி மனைவியோடு வந்து, தன் கடைக் குழம்பையே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். லோகேஸ்வரன் பரிமாறினான், தட்டு கழுவினான், மறுபடி பரிமாறினான். ஐந்து மணிக்குக் கடைசி ஆளும் கைகுலுக்கிப் போனதும், ஷாமளாவின் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தான்.

"தப்பு என் மேலதான். கோபமா?"

"எதுக்கு?"

"நாளைக்கு என்ன பதில் சொல்லப்போற?"

ஷாமளா காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"பத்து நாளா நீங்க வீட்டுல ஒரு வேலைகூட என்னைத் தொடவிடல. அது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? சொல்லிட்டா இந்த உபசாரம் நின்னுடுமேன்னுதான் சொல்லல" என்றாள். "போன வியாழக்கிழமையே கையெழுத்துப் போட்டாச்சு. ரெண்டு வருஷம் இங்கதான் லா."